வெள்ளிக்கிழமை இருதயம்

"அத்தா, வர்ற வெள்ளிக்கிழமை இருதயம் எனக்கு வேணும்."

கத்தி தீட்டிக்கொண்டிருந்த அத்தாவின் கை நின்றது. அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. நான் கல்லூரியில் சேரவேண்டும் என்று கேட்ட அன்றுகூட அந்தக் கரண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடைக் கொக்கியில் தொங்கும் எதையும் வீட்டுப் பெண்கள் கேட்கக் கூடாது. எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்ததற்கு முன்னாலேயே அம்மா கற்றுக்கொடுத்த பாடம் இது. கொக்கியில் இருப்பது வாடிக்கைக்காரருடையது. கடை சாத்தும் நேரத்தில் கட்டையில் என்ன மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் வீட்டுக்கு. வில்லியனூர்க் கடைத்தெருவில் ஹாஜா மைதீன் பாய் கறிக்கடை என்றால் மண்ணாடிப்பட்டுவரை தெரியும். அந்த ஹாஜா மைதீன் மகளான சபுரா நான், நல்ல தொடைக்கறி எப்படி இருக்கும் என்பதை அடுத்த வீட்டுக் கல்யாணங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அதிலும் வெள்ளிக்கிழமை இருதயத்தைக் கேட்பது, பள்ளிவாசல் உண்டியலைக் கேட்பதைப் போன்றது. அது அரிசி மண்டி ஹபீப் முகமதுவுக்கு உரியது. அவருக்கு நெஞ்சு வலி உண்டு. டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கொழுப்பை விடச் சொன்னார். ஹபீப் மாமா நன்றாக யோசித்து மாத்திரையை விட்டார். இருதயம் பலவீனமாக இருந்தால் இருதயத்தைத் தின்றால் சரியாகிவிடும் என்பது அவருடைய வைத்தியம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அறுக்கிற கிடாயின் இருதயம், மிளகு போட்டு வறுபட்டு, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் அவர் தட்டில் இருக்கவேண்டும். உலகத்தில் மாற்று இருதய சிகிச்சையை வாய் வழியாகச் செய்துகொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இதில் எனக்கென்ன சம்பந்தம் என்றால், அவருடைய மகன் அப்துல் சமதுவுக்குத்தான் என்னைப் பேசி வைத்திருந்தார்கள். புகுமுக வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து மண்டியில் உட்கார்ந்தவர். பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அந்த இருதயத்துக்கு அத்தா காசு வாங்குவதில்லை. நிச்சயம் ஆவதற்கு முன்பே சீர் போய்க்கொண்டிருந்தது, இலையில் சுற்றி.

"இன்னாடி கேட்ட?" என்றார் அத்தா, காது சரியில்லை என்று நம்ப விரும்புகிறவரைப்போல.

திரும்பக் கேட்டேன். இன்னும் தெளிவாகவே கேட்டேன். "ஆடு உழுந்ததும் வேணும். துடிக்கும்போதே."

அம்மா ஜொஹரா பீவி அடுப்படியிலிருந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி, ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து. கல்லூரியில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கறிக்கடை' என்றுதான் கூப்பிட்டார்கள். தவளையை அறுக்கும் வகுப்பில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது நான் இரண்டு தவளைகளை முடித்துவிட்டேன். அதற்கும் அவர்களுக்குச் சிரிப்புதான். சிரித்தவர்கள் எல்லாம் முதல் வகுப்பு, கல்யாணம், குழந்தை என்று போய்விட்டார்கள். நான் வேலை தேடினேன்.

புதுச்சேரி சாலையில் டாக்டர் ஆதிமூலம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்தவர், ஓய்வு பெற்று வந்தவர். நேர்முகத் தேர்வில் என் சான்றிதழ்களைக் கண்ணாடி போடாமலேயே புரட்டினார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வழக்கமாக நான் 'வியாபாரம்' என்று சொல்லுவேன். அன்றைக்கு எரிச்சலில் 'கறிக்கடை' என்று சொல்லிவிட்டேன். மனிதர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது, தற்காலிக வேலையும் வந்தது. மூன்று வருடம் எதைச் சொல்லி என்னைக் கேலி செய்தார்களோ, அதுதான் என் தகுதியாம்.

அவர் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி இதுதான். ஓர் ஊரில் ஒருவருக்கு மண்டையில் அடிபட்டு மூளை செத்துவிடுகிறது, இருதயம் மட்டும் ஓடுகிறது. இன்னோர் ஊரில் ஒருவருக்கு எல்லாம் ஓடுகிறது, இருதயம் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது. முதல் ஊர் இருதயம் இரண்டாம் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் அது கெடக் கூடாது. இங்கிருந்து சென்னைக்குப் போகும் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று ஓட்டுநருக்கே தெரியாத நாட்டில், ஓர் இருதயத்தை எவ்வளவு நேரம் தூங்க வைக்கலாம்? குளிர்ந்த உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால் துடிப்பு நின்றுவிடும். ஐஸில் வைத்தால் சாகாமல் தூங்கும். கழுவி, சூடு காட்டினால் எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ள வேண்டும். எங்கள் மேசையில் எந்த இருதயமும் எழுந்துகொள்ளவில்லை.

காரணம் இன்னாசிமுத்து. அவன்தான் எனக்கு முன்னால் இருந்த உதவியாளன். மார்க்கெட்டில் வாங்கி டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வருவான், வரும் வழியில் டீயும் குடிப்பான். அவன் கொண்டுவந்த இருதயங்கள் குழம்புக்கு மட்டும்தான் ஆகும். ஆட்டுக்குள்ளிருந்து துடிக்கத் துடிக்க எடுத்த ஒன்று வேண்டும், அதை விடியற்காலையிலிருந்து நடுப்பகல்வரை தூங்க வைத்து எழுப்பிக் காட்டினால் என் வேலை நிரந்தரம் என்று டாக்டர் சொன்னார். இல்லாவிட்டால் மாதப் பிறப்புக்கு இன்னாசிமுத்து திரும்பி வருவான். நான் அப்துல் சமதுவுக்கு மிளகு அரைக்கப் போவேன்.

இவ்வளவையும் அத்தாவிடம் சொன்னேன். அவர் ஹபீப் முகமதுவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய தொல்லை வேறாக இருந்தது.

"உயிரு அடங்காம நான் கத்தி வெக்க மாட்டேன்" என்றார்.

அறுத்தபின் ஆடு முழுக்க அசைவு நிற்கும்வரை தோலில்கூடக் கை வைக்கக் கூடாது. அது சட்டம், அத்தாவுக்கு அதைவிடக் கொஞ்சம் மேலானது. கறிக்காகக் காத்திருக்கும் கூட்டம் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டின் பக்கத்தில் நிற்பார். துடிக்கிறதை எடுத்தால் அது அறுப்பு இல்லை, கொலை என்றார். ஆடு அடங்கினபிறகும் இருதயம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், நெஞ்சைக் கடைசியில் திறப்பதால் நீங்கள் பார்த்ததில்லை என்று நான் சொன்னேன். ஆயுள் முழுக்க ஆடு அறுத்தவனுக்கு ஆட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறாயா என்றார். தவளையில் பார்த்தேன் என்றேன். "தவளையை எவன் திங்கறான்?" என்றார்.

கடைசியில் வழக்கு ஹஜ்ரத்திடம் போனது. பள்ளிவாசல் இமாம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் தங்கியிருந்த அறைக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் ஹபீப் முகமது. அதனால் எந்தக் கேள்விக்கும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். அத்தா கேட்டதற்கு, கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நானே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

வந்தார். கடைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றோம். திருக்கனூர்ச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கிடாய். அத்தா பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை இழுத்தார். பிறகு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார். நான் கரைசல், ஊசி, ஐஸ், அகன்ற வாய் ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்தவளைப்போலக் காத்திருந்தேன். கால் உதைப்பு நின்றது. வயிறு நின்றது. ஹஜ்ரத் குனிந்து ஆட்டின் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை.

"முடிஞ்சுது" என்றார்.

அத்தா நெஞ்சைத் திறந்தார். திறந்தவர் அப்படியே பின்னால் ஓர் அடி வைத்தார். உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை விட்டு எடுத்தேன். என் உள்ளங்கையில் கிடந்து, யாரோ கதவைத் தட்டுகிறமாதிரி தட்டியது. அத்தா ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் ஆட்டின் தலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பழக்க தோஷத்தில் அண்ணாந்தும் பார்த்தார். மேலே வேப்பமரம்தான் இருந்தது.

"ஆடு போயிடுச்சு பாய். இதுக்குத்தான் இன்னும் சேதி வரல" என்றார்.

அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை. குளிர்ந்த கரைசலை அதன் ரத்தக்குழாயில் செலுத்தினேன். இரண்டு துடிப்பு தடுமாறியது, பிறகு தூங்கிவிட்டது. நன்றாக வெளுத்து, இறுகி, அழகாக இருந்தது. ஃபிளாஸ்கில் கரைசலோடு போட்டு, சுற்றிலும் ஐஸ் அடைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்படி மூலையில், நிழலில் வைத்தேன். பதினொரு மணி பஸ்ஸில் டாக்டரிடம் கொண்டுபோகவேண்டும்.

அத்தாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஹபீப் மாமா வீட்டு ஆளிடம் இந்த வாரம் இருதயம் இல்லை என்று சொல்லவேண்டும். தராசில்கூடப் பொய் சொல்லாதவர். 'இருதயத்தில் பூச்சி இருந்தது' என்று கடையில் நின்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாடிக்கைக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஈரல் வேண்டாம் என்று போய்விட்டார்.

பத்து மணிக்கே ஐஸ் கரையத் தொடங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மீன் விற்கும் மாரியம்மாளிடம் ஓடினேன். கடலோரத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். ஐஸ் கேட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். யாருக்கும் இல்லை, ஓர் ஆட்டு இருதயத்துக்கு என்றேன்.

"செத்த ஆட்டுக்கு எதுக்குடி ஐஸு?"

"செத்த மீனுக்கு எதுக்கு ஐஸு?"

"ஏன்டி, விக்கிற வரைக்கும் உசுரோட கீற மாதிரி தெரிய வேணாமா?"

"அதேதான்" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, படித்த பெண்களுக்கு இப்படி ஆகும் என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொன்னாள். ஆனால் ஐஸ் நிறையவே கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஃபிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மா சிரித்த முகமாக இருந்தாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நடந்தது இதுதான். ஹபீப் மாமா வீட்டில் வேலை செய்யும் காசம்மாள் கடைக்குப் போயிருக்கிறாள். அத்தா பூச்சி பூச்சி என்று திணறியிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் புரியாமல் நேராக வீட்டுக்கு வந்திருக்கிறாள். சம்பந்தி வீட்டு ஆளை வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல், கொழுப்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஐஸ் வைத்த இருதயம். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மகள், மாமனாருக்காக இவ்வளவு பக்குவமாகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். நான் இருதயம் கேட்டதே இதற்குத்தான் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

"எங்க சபுரா அவ கையாலயே சுத்தம் பண்ணதுன்னு சொல்லி அனுப்பிச்சேன்டி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

நான் ஓடினேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதால் கொல்லை வழியாக நுழைந்தேன். அங்கே காசம்மாள் ஆட்டுக்கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தரையில் ஒரு பித்தளைப் பாத்திரம், அதில் மஞ்சள் தண்ணீர், அதற்குள் என் இருதயம். கறியை எல்லாரும் கழுவுவதுபோலத்தான் அவளும் கழுவியிருக்கிறாள். முதலில் இரண்டு தண்ணீர் மாற்றி அலசியிருக்கிறாள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்திருக்கிறாள். அலசி, சூடு காட்டி, உப்பு சேர்த்து. டாக்டர் ஆதிமூலம் மாதக்கணக்கில் எதைச் செய்யப் பாடுபட்டாரோ, அதையேதான்.

எழுந்துகொண்டது.

"அடி யம்மா, பெசையலாம்னு கைய வுட்டேன், அது என் கையப் புடிச்சி அமுக்குது" என்று காசம்மாள் கல்லின்மேல் நின்றபடியே அழுதாள்.

நான் தரையில் மண்டியிட்டு மஞ்சள் தண்ணீருக்குள் கையை விட்டேன். மேல் ஓரத்தில் இன்னும் மெல்லிய நெளிவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை முழுசாகச் சுருங்கி விரிந்தது, பிறகு நின்றுவிட்டது. விடியற்காலையில் தூங்கியது, ஐஸ் கரைந்து, கைமாறி, தெரு கடந்து, இன்னொரு வீட்டுக்குப் போய் விழித்திருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பக்கத்தில்கூட ஒன்றும் வந்ததில்லை.

உள்ளே ஹபீப் மாமா சாய்வு நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வறுபடுவதற்கு முன்னால் சரக்கைப் பார்ப்பது அவர் வழக்கம், பார்த்துவிட்டார். அப்துல் சமது விசிறிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் ஒரு மருமகள் கேட்கவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு கேட்டது.

"எப்ப ஆரம்பிச்சுது? எவ்ளோ நேரம் ஓடிச்சு?"

விசிறி நின்றது. அப்துல் சமது என்னை முதல்தடவையாக நேராகப் பார்த்தார். "ரேடியோல நியூஸ் ஆரம்பிச்சப்ப இவ கத்துனா" என்றார். "நான் போய்ப் பார்த்தேன். நியூஸ் முடிஞ்சி பாட்டு வெக்கிற வரைக்கும் நல்லாவே ஓடிச்சு. பாட்டு ஆரம்பிச்சப்புறம் மெதுவாயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதரின் முன்னால், அவர் வீட்டுக் கூடத்தில் நின்று, மஞ்சள் கையோடு நான் சிரித்தேன். எல்லாக் குற்றத்தையும்விட அதுதான் பெரிய குற்றமாகப் போயிற்று.

ஜும்ஆ முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஹபீப் மாமா, மகன், நடுவராக ஹஜ்ரத், சாட்சியாகக் காசம்மாள். காசம்மாள் கையில் ஒரு தூக்குவாளி. அதில் இருதயம். வழக்குக்கு அத்தாட்சியாம். அதை நடுக்கூடத்தில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஹபீப் மாமாவின் குற்றச்சாட்டு ஒன்றேதான். உயிர் இருக்கும் ஆட்டிலிருந்து கறியை எடுத்து விற்கிறான் ஹாஜா மைதீன். இத்தனை வருடம் ஊருக்கு என்ன தின்னக் கொடுத்தானோ, யாருக்குத் தெரியும்? ஊர் ஜமாஅத்தில் இந்த வழக்கை வைத்தால் அந்தக் கடையில் ஈ உட்காருமா? அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். அவர் அண்ணாந்து எங்கள் வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹஜ்ரத், அது எங்க அத்தா போட்ட கூரை. ஒழுவும், ஆனா உங்களைக் கேள்வி கேக்காது. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க" என்றேன்.

கதவுக்குப் பின்னால் அம்மா 'யா அல்லா' என்றாள். ஹஜ்ரத்தின் முகம் சிவந்தது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"நான் இருந்தேன் ஹபீப் பாய்" என்றார் கடைசியில். "கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஆடு போனப்புறம்தான் நெஞ்சுல கத்தி வெச்சாரு. அறுப்பு ஹலால். அது துடிக்கிறது அல்லாவோட வேலை, ஹாஜா பாயோட வேலை இல்ல."

அத்தா நிமிர்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் மூச்சே விடவில்லை என்பது அவர் மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

ஹபீப் மாமாவுக்குக் கைவசம் வேறு குற்றச்சாட்டு இல்லை. தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஆட்டுக்கு உயிர் இல்லை என்றால் இது எப்படித் துடிக்கும் என்று என்னைக் கேட்டார். இருதயத்துக்கு மூளையின் உத்தரவு வேண்டாம், துடிப்பு அதற்குள்ளேயே பிறக்கிறது, பக்குவமாகத் தூங்க வைத்தால் வேறோர் உடம்பில்கூட எழுந்துகொள்ளும் என்று சொன்னேன். மனிதர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வேற ஒடம்புலன்னா? இப்ப எனக்கு வெச்சா?"

"ஆட்டோடது ஆகாது மாமா. மனுஷனோடது வேணும். வெளிநாட்டுல வெச்சிருக்காங்க."

"எந்த மனுஷன் குடுப்பான்?"

"குடுக்கறவன் இருதயம் நல்லா இருக்கணும். மூளை மட்டும் செத்திருக்கணும்."

ஹபீப் மாமா மெதுவாகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை அத்தாமேல் கொஞ்சம் நின்றது. ஹஜ்ரத் சட்டென்று தாடியை நெஞ்சின்மேல் பரப்பிக்கொண்டார். காசம்மாள் முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகினாள். கடைசியில் அந்தப் பார்வை தன் மகன்மேல் போய் நின்றது, வெகுநேரம் நின்றது. அப்துல் சமது சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

ஹபீப் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெரிய மனதோடு தீர்ப்பு சொன்னார். பெண் படித்த பெண், ஏதோ தெரியாமல் சிரித்துவிட்டது. அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கல்யாணத்தை அடுத்த பிறைக்குள் முடித்துவிடலாம். அந்த ஆராய்ச்சி உத்தியோகம் மட்டும் இன்றோடு நிற்கவேண்டும்.

"இன்னொண்ணு" என்றார். குரல் இப்போது தேனாக இருந்தது. "இத்தினி நாளு செத்த இருதயத்தையே தின்னுகிட்டு இருந்தேன் பாரு, அதான் குணமாவல. இந்தப் புள்ள செய்யற பக்குவம் இருக்கே, அதை வாரா வாரம் எங்க வூட்டு அடுப்படியில எனக்குச் செஞ்சி குடுக்கட்டும். துடிக்கத் துடிக்க."

ஹஜ்ரத்துக்குப் புரையேறியது. கொஞ்ச நேரம் முன்னால் உயிர் இருக்கும் கறி ஹராம் என்று வழக்குக் கொண்டுவந்தவர்தான் இவர்.

நான் அப்துல் சமதுவைப் பார்த்தேன். ரேடியோவை வைத்து நேரம் பார்த்தவர். இந்த ஊரில் அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்த ஒரே ஆள். நியூஸ் முழுக்க நின்று பார்த்தீர்களே, இப்போது ஒரு வார்த்தை பேசுங்கள் என்று என் முகத்தில் எழுதி ஒட்டாத குறை. அவர் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது வாசலில் கிடந்தது.

எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. தீர்மானத்தை நான் அவர்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தின் முன்னால் மண்டியிட்டபோதே எடுத்துவிட்டேன். அது ஒரு தடவை முழுசாகச் சுருங்கி விரிந்ததே, அப்போது. கிளம்புவது மட்டும்தான் பாக்கி இருந்தது.

எழுந்துபோய்க் கவிழ்த்து வைத்திருந்த ஃபிளாஸ்கை எடுத்தேன். மாரியம்மாள் கொடுத்த ஐஸ் பாதி தண்ணீராகக் கிடந்தது. மிச்சத்தை அள்ளிப் போட்டேன். கூடத்துக்கு வந்து, தூக்குவாளியைத் திறந்து, மஞ்சள் பூத்த அந்த இருதயத்தைக் கையால் எடுத்து உள்ளே வைத்து மூடினேன். இனி அது துடிக்காது. ஆனால் மெல்லிசாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எந்த இடம் விழித்தது, எந்த இடம் விழிக்கவில்லை என்று தெரியும். டாக்டருக்கு அது போதும்.

"அது அத்தாட்சி" என்றார் ஹபீப் மாமா.

"ஆமா மாமா. அதான் எடுத்துட்டுப் போறேன்."

"எங்கடி போற?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள், ஆண்கள் உட்கார்ந்திருப்பதையும் மறந்து. "மாப்பிள்ள வூட்டுக்காரங்க உட்கார்ந்திருக்காங்கடி."

"உட்காரட்டும்மா, டீ போட்டுக் குடு. அவங்களுக்குப் பொண்ணு வேற எடத்துல பார்க்கச் சொல்லு. மிளகு அரைக்கத் தெரிஞ்ச பொண்ணா."

அத்தா என்ன சொல்வார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேனோ என்ற பயத்தால் அல்ல. மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிட்டது. வாசலில் அப்துல் சமதுவின் செருப்புக்கு அடியில் என் செருப்பு கிடந்தது. உதறிப் போட்டுக்கொண்டேன். பின்னால், கூடத்தின் சத்தத்துக்கு நடுவில், கல்லில் கத்தி உரசும் சத்தம் மெதுவாகத் தொடங்கியது. அறுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அத்தா கத்தி தீட்டி நான் கேட்டதே இல்லை.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் எனக்கு வேணும் அத்தா" என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தேன்.